ஏடிஹெச்டி பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கலாமா? அக்கா சொல்றேன், கேளு!

போன மாசம் மும்பை செம்பூர் சேடா நகர் முருகன் கோவில் வாசல்ல ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பர்ஸுக்குள்ளேருந்து ஒரு சீட்டை எடுத்தா. எட்டா மடிச்சு, மடிப்பு மடிப்பா நைஞ்சு போயிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆச்சாம். இன்னும் மாத்திரை வாங்கலை. "கொடுத்தா பிள்ளை பொம்மை மாதிரி ஆயிடுவான்னு மாமியார் சொல்றாங்க. கொடுக்கலைன்னா ஸ்கூல்ல தினமும் கம்ப்ளெயின்ட். நான் என்னக்கா செய்ய?"

நானும் இதே மாதிரி ஒரு சீட்டை வெச்சுக்கிட்டு முழிச்சவதான். தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னாடி ஒரே ரூம்ல குடியிருந்தப்போ, என் சின்னவனுக்கு எட்டு வயசு. அதுக்கப்புறம் எத்தனையோ அம்மாக்களோட ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்தாச்சு. எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணுதான். இதை வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற முடிவுன்னு நினைச்சுப் பயப்படறாங்க. அப்படி இல்லைம்மா. ஒரு தேதி குறிச்சு ஆரம்பிச்சு, ஒரு தேதி குறிச்சுப் பார்த்து, தேவைப்பட்டா டாக்டரைக் கேட்டு நிறுத்தக்கூடிய விஷயம் இது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேலே படி. உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். முதல்ல மூணாவதையும் எட்டாவதையும் மட்டும் படி. மத்ததை ராத்திரி பார்த்துக்கோ.

1. பேரு வெச்சது யாரு?

"பஹுத் மஸ்தி கர்தா ஹை", ரொம்பச் சேட்டைன்னு டீச்சர் சொன்னா அது நோய்ப் பேர் இல்லை. யூடியூப் பார்த்து நீயே முடிவு பண்ணினாலும் அப்படித்தான். ஏடிஹெச்டின்னு சொல்ல குழந்தைகள் மனநல டாக்டரோ, குழந்தை வளர்ச்சி டாக்டரோ, அனுபவமுள்ள குழந்தை நரம்பியல் டாக்டரோ வேணும். சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் எடுப்பாங்க, பயிற்சி கொடுப்பாங்க. மாத்திரை எழுத மாட்டாங்க. இந்த வித்தியாசம் தெரியாம ஆறு மாசம் அலைஞ்சவங்க நிறையப் பேர்.

இதுக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்கவே மூளை ஸ்கேன் எடுக்கணும்னு யாராவது காசு கேட்டா எழுந்து வந்துடு. டாக்டர் பார்க்கிறது இதைத்தான்: கவனம் சிதறுறதும் ஓயாத ஓட்டமும் ஆறு மாசத்துக்கு மேல இருக்கா, 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுதா, வீடு ஸ்கூல் ரெண்டு இடத்துலயும் இருக்கா, அதனால பிள்ளையோட படிப்பும் நட்பும் நிஜமாவே கெடுதா. ஸ்கூல்ல மட்டும் இருந்து வீட்டுல இல்லைன்னா, முதல்ல ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு விசாரி. பத்து நிமிஷத்துல பேரு வெச்சு மாத்திரையும் எழுதிட்டாங்கன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டு. அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லை.

2. எங்கே போறது?

தாராவிக்காரங்களுக்குப் பக்கத்துலயே சயன் ஆஸ்பத்திரி இருக்கு. முதல்ல எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா தாராவியிலயே இருக்கிற "சோட்டா சயன்"ல கேளு. யாரைப் பார்க்கணும்னு சொல்லி அனுப்புவாங்க. பரேல்ல கே.இ.எம்., வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி, மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர். 2001-ல டாக்டர் விபா கிருஷ்ணமூர்த்தி ஆரம்பிச்ச உம்மீத் மையமும் இந்தப் பிள்ளைங்களுக்காகவே இருக்கு. முனிசிபல் ஆஸ்பத்திரியில கேஸ் பேப்பருக்கு ஆகுற செலவு சொற்பம். செலவாகுறது உன் நேரம்தான். அரை நாள் போகும்னு தெரிஞ்சே போ. பையனுக்கு ஒரு டப்பா, தண்ணி, கலர் பென்சில் எடுத்துக்கோ. வெறுங்கையோட வரிசையில நிக்க வெச்சா அவன் வராண்டாவையே ரெண்டாக்கிடுவான், நீ அங்கேயே அடிப்பே.

ஹிந்தியில பிள்ளையோட கஷ்டத்தைச் சொல்ல வரலைன்னா வெட்கப்படாதே. தமிழ்லயே எழுதிக்கிட்டுப் போய், தெரிஞ்சவங்களைப் படிச்சுச் சொல்லச் சொல்லு. 14416 மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயும் பேசுவாங்க. ராத்திரி மனசு தாங்கலைன்னா நீயும் கூப்பிடலாம்.

3. மாத்திரைக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்தாச்சா?

இதுல அவசரப்படாதே. ஏடிஹெச்டி மாதிரியே தெரியற வேற சங்கதிகள் நிறைய.

• காது, கண்: சளி பிடிச்சுப் பிடிச்சு காது மந்தமான பிள்ளை, "கூப்பிட்டா திரும்ப மாட்டான்"னு பேர் வாங்கும். போர்டு தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்க்கும், பேச்சுக் கொடுக்கும்.

• குறட்டை: வாயைத் திறந்து தூங்கறானா? அடினாய்டு வீக்கத்துல ராத்திரி தூக்கம் கெட்டா, பெரியவங்க மாதிரி தூங்கி விழ மாட்டான். பகல் முழுக்கத் துள்ளுவான்.

• ரத்தசோகை: ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் போதும்.

• சில விநாடி வெறிச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்பறானா? அது ஒரு வகை வலிப்பா இருக்கலாம். செல்ஃபோன்ல வீடியோ எடுத்துக் காட்டு.

• ஈயம்: தாராவி தேரா காம்பவுண்ட் பக்கம் பெயின்ட் டின், பழைய சாமான் வேலை நடக்கிற இடத்துல குடியிருந்தாலோ, வீட்டு ஆம்பளைங்க பழைய பேட்டரி உருக்கற வேலை பார்த்தாலோ, கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லு. ஈயம் உடம்புல சேர்ந்தா பிள்ளைங்க கவனத்தைக் கெடுக்கும்.

• பயம், அடி, வீட்டுச் சண்டை: அப்பா குடிச்சிட்டு வர்ற வீட்டுல பிள்ளை வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். அதுக்கு எந்த மாத்திரையும் மருந்து இல்லை.

இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குன்னே இருக்கிறது: பாஷை. முனிசிபல் தமிழ் ஸ்கூல்ல நாலாவது வரைக்கும் நல்லாப் படிச்ச பிள்ளையைத் திடீர்னு இங்கிலீஷ் மீடியத்துல கொண்டு போட்டுடறோம். கிளாஸ்ல இங்கிலீஷ், விளையாட்டுல ஹிந்தி, பாடத்துல மராத்தியும் உண்டு, வீட்டுல திருநெல்வேலித் தமிழ். புரியாத பாடத்துல பெரியவங்களாலயே பத்து நிமிஷம் உட்கார முடியாது. மீடியம் மாத்தின பிறகுதான் தொல்லை ஆரம்பிச்சுதுன்னா, அந்த வருஷத்தையும் மாசத்தையும் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லு. நீ சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

கடைசியா, கற்றல் குறைபாடு. 2007-ல வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துப் பையனுக்கு இருந்தது அது, ஏடிஹெச்டி இல்லை. ஆனா ரெண்டும் சேர்ந்தே இருக்கிற பிள்ளைங்க நிறைய உண்டு. எழுத்து தலைகீழா வர்ற பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தா உட்காரும், ஆனா படிப்பு வராது. அப்புறம் மருந்தைக் குத்தம் சொல்லுவோம். ரெண்டுக்கும் சேர்த்தே டெஸ்ட் கேளு. சயன், கே.இ.எம்., நாயர் மூணு இடத்துலயும் கற்றல் குறைபாட்டுக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கறாங்க. அது இருந்தா எஸ்எஸ்சி தேர்வுல கூடுதல் நேரம் மாதிரி சலுகைகள் கிடைக்கும். பத்தாவது வரைக்கும் காத்திருக்காதே. அந்த வரிசை நீளம்.

4. ஆறு வயசுக்குள்ளயா? முதல்ல மாத்திரை வேண்டாம்.

எல்கேஜி பிள்ளை உட்கார மாட்டேங்குதுன்னு கம்ப்ளெயின்ட் வந்தா பயந்துடாதே. இந்த வயசுக்கு முதல் மருந்து அம்மா அப்பாவுக்குக் கொடுக்கிற பயிற்சிதான். உலகம் முழுக்க டாக்டர்கள் அப்படித்தான் சொல்றாங்க. அதை மூணு நாலு மாசம் ஒழுங்கா செஞ்சும் பிள்ளை ரோட்டுல ஓடுது, மாடியிலேருந்து குதிக்குதுன்னா அப்ப வேற பேச்சு. ஆறு வயசுக்கு மேலன்னா மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து போகும்.

5. பொண்ணு பிள்ளையை மறந்துடாதே.

பையன் பெஞ்சை உடைச்சா நாலு பேர் வந்து சொல்வாங்க. பொண்ணு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, வாட்டர் பாட்டிலையும் ஸ்வெட்டரையும் ஸ்கூல்லயே விட்டுட்டு, ஹோம்வொர்க் எழுதி பையில வைக்க மறந்துட்டு வந்தா, "மந்தம்"னு சொல்லி விட்டுடறோம். துள்ளாத ஏடிஹெச்டியும் உண்டு. அவளையும் கூட்டிக்கிட்டுப் போ.

6. மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது?

இது நேத்து வந்த மருந்து இல்லை. 1937-ல அமெரிக்காவுல சார்லஸ் பிராட்லின்னு ஒரு டாக்டர், தன் ஆஸ்பத்திரிப் பிள்ளைங்களுக்குச் சுறுசுறுப்பு மருந்து கொடுத்தப்போ, அவங்க அமைதியா உட்கார்ந்து கணக்குப் போடறதைப் பார்த்தார். 1944-ல சுவிட்சர்லாந்து சீபா கம்பெனியில மீத்தைல்ஃபெனிடேட்டைத் தயாரிச்சாங்க. இன்னிக்கும் முதல்ல எழுதறது பெரும்பாலும் அதைத்தான். பத்துப் பிள்ளையில ஏழு பிள்ளைக்குக் கிட்டத்தட்ட நல்லா கேட்கும். சாதா மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். மெதுவா கரையறது எட்டுலேருந்து பன்னிரண்டு மணி நேரம். அடோமாக்ஸெட்டின் இன்னொரு வகை. தினமும் கொடுக்கணும், பலன் முழுசா தெரிய நாலு ஆறு வாரம் ஆகும். ரெண்டாம் நாளே "ஒண்ணும் ஆகலை"ன்னு நிறுத்தினவங்க பாதிப் பேர் இந்த மாத்திரைக்காரங்கதான்.

அமெரிக்காவுல 579 பிள்ளைங்களை நாலு குழுவாப் பிரிச்சு 14 மாசம் ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணி 1999-ல முடிவு சொன்னாங்க. கவனம் சிதறல், ஓட்டம் இதுக்கெல்லாம், ஒழுங்கா கவனிச்சுக் கொடுத்த மாத்திரை, பயிற்சியை மட்டும் விட நல்லா வேலை செஞ்சது. மாத்திரையோட பயிற்சியும் சேர்ந்தப்போ குறைஞ்ச அளவு மருந்தே போதுமா இருந்தது. வீட்டுல ஒத்துமையும் கூடினது. ஆனா மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ அந்த நாலு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனாலதான் சொல்றேன், ஒரு தரம் ஆரம்பிச்சுட்டு அப்படியே விட்டுடற மருந்து இல்லை இது. வருஷத்துக்கு ஒரு தரமாவது "இன்னும் வேணுமா?"ன்னு டாக்டரைக் கேட்கணும்.

மாத்திரை பிள்ளையை உட்கார வைக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக் கொடுக்காது. மரியாதை கத்துக் கொடுக்காது. விட்டுப்போன ரெண்டு வருஷப் பாடத்தையும் நீதான் மெதுவா பிடிக்கணும்.

"பொம்மை மாதிரி ஆயிடுவான்"னு உன் மாமியார் சொல்றதை அலட்சியம் பண்ணாதே. சில பிள்ளைங்க நிஜமாவே பேச்சு குறைஞ்சு, சிரிப்பு குறைஞ்சு போகும். அளவு கூடிப்போச்சு, இல்லை அந்த மருந்து ஒத்துக்கலைன்னு அர்த்தம். உடனே டாக்டர்கிட்ட சொன்னா குறைப்பாங்க, இல்லை மாத்துவாங்க. அமைதியா இருக்கானேன்னு நீ சந்தோஷப்பட்டு விட்டுடாதே. துறுதுறுப்பு போகாம கவனம் வரணும். அதுதான் சரியான அளவு.

பழகிப் போய் அடிமை ஆயிடுவானோன்னும் கேட்பாங்க. டாக்டர் சொன்ன அளவுல, வாயால சாப்பிடற பிள்ளை பின்னாடி போதைக்கு அடிமை ஆகுதுன்னு ஆராய்ச்சிகள்ல வரலை. ஆனா வீட்டுல இருக்கிற மத்த பெரிய பசங்க அதை எடுத்துத் தப்பா உபயோகிக்கலாம். அதனால பூட்டி வை.

7. டாக்டர் கேட்கலைன்னாலும் நீ சொல்ல வேண்டியது

• நம்ம குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு நெஞ்சு நின்னு போயிருக்காங்களா? பிள்ளை ஓடும்போது மயக்கம் போட்டிருக்கா? இதை மறைக்காதே. தேவைன்னா இசிஜி எடுப்பாங்க.

• வலிப்பு, கண்ணைச் சிமிட்டற பழக்கம், தோளைக் குலுக்கற பழக்கம்.

• நாட்டு மருந்து, லேகியம், பேர் தெரியாத பொடி எதுவா இருந்தாலும் டப்பாவோட எடுத்துட்டுப் போய்க் காட்டு. சில பஸ்பங்கள்ல ஈயமும் பாதரசமும் இருக்கு.

• ஆரம்பிக்கற அன்னிக்கே எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நாலையும் எழுதி வாங்கு. இது இல்லாம பின்னாடி எதோட ஒப்பிடுவே?

கிளம்பறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு: எத்தனை நாள்ல பலன் தெரியும்? எது நடந்தா உடனே நிறுத்தணும்? அடுத்தது எப்ப வரணும்? மூணுக்கும் பதில் எழுதிக்காம எழுந்திருக்காதே.

8. ஒரு நோட்டு போடு. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்.

நாப்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எழுத ஆரம்பிச்சிடு. தினமும் அஞ்சே வரி: என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், ஹோம்வொர்க் எவ்வளவு நேரம், எத்தனை சண்டை, டீச்சர் என்ன சொன்னாங்க. கடைசி வரியை டீச்சர் கையாலயே வாரம் ஒரு தரம் எழுதி வாங்கு. முடிஞ்சா மாத்திரை ஆரம்பிச்சதை டீச்சர்கிட்ட உடனே சொல்லாதே. ரெண்டு வாரம் கழிச்சு, "எப்படி இருக்கான்?"னு மட்டும் கேளு. கலப்பில்லாத பதில் வரும்.

என் நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு. மாத்திரைக்கு முந்தின வாரம்: "கணக்கு 10. ஒன்றரை மணி நேரம். ரெண்டு அடி வெச்சேன். சட்டைக் காலரைக் கடிச்சுக் கிழிச்சுட்டான்." மூணாவது வாரம்: "கணக்கு 10. இருபத்தஞ்சு நிமிஷம். டப்பாவுல தயிர்சாதம் அப்படியே வந்தது." அந்த ரெண்டு வரியையும் டாக்டர் மேஜையில பக்கத்துப் பக்கத்துல வெச்சேன். கவனம் வந்திருக்கு, பசி போயிருக்கு. அவர் அளவைக் கொஞ்சம் குறைச்சார். அஞ்சாவது வாரம் கணக்கு அரை மணி நேரம், டப்பா பாதி காலி. அது போதும்னு முடிவு பண்ணினோம். மாமியார் சொல்றதையும் பக்கத்து வீட்டக்கா சொல்றதையும் கேட்டிருந்தா நான் எந்தப் பக்கமும் போயிருக்க மாட்டேன்.

ஆரம்பத்துல வாரா வாரம் அளவு மாறும். சரியான அளவு கிடைச்சு, நாலு ஆறு வாரம் நோட்டு எழுதின பிறகு ஒரு நாள் உட்கார்ந்து படி. நல்லது கூடியிருக்கா, கெட்டது தாங்கக்கூடியதா இருக்கா? ஆமான்னா தொடரு. இல்லைன்னா டாக்டர்கிட்ட போய் மாத்து, இல்லை நிறுத்து. தோத்துப் போனதா நினைக்காதே.

9. சாப்பாடும் தூக்கமும்

மதியம் பசிக்காது. அதுல மல்லுக்கட்டாதே. காலையில மாத்திரைக்கு முன்னாடி நல்லா சாப்பிடட்டும்: நெய் விட்ட இட்லி, முட்டை, வேர்க்கடலைச் சட்னி, பால். சாயங்காலம் மருந்து இறங்கினதும் பசி திரும்பி வரும், அப்ப ஒரு சாப்பாடு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி வாழைப்பழமும் பாலும். மாசம் ஒரு தரம் எடை பார். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் உயரம். சில பிள்ளைங்க ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மெதுவா வளரும். டாக்டருக்கு அந்தக் கணக்கு வேணும்.

சாதா மாத்திரையோட கடைசி வேளையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல தள்ளாதே. தூக்கம் போயிடும். மருந்து இறங்கற அந்த ஒரு மணி நேரம் சிடுசிடுன்னு இருப்பான். அந்த நேரத்துல ட்யூஷன் வைக்காதே. கீழே போய் விளையாடச் சொல்லு.

10. வாங்கறதும் வெச்சுக்கறதும்

மீத்தைல்ஃபெனிடேட் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது. அது எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு ரெண்டு காப்பி வேணும், ஒண்ணைக் கடைக்காரர் ரெண்டு வருஷம் வெச்சுக்கணும்னு சட்டம். அதனால மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போதே சீட்டு வாங்கு. மே மாசம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடிக்கறதுக்கு முன்னாடி இதை மறக்காதே. ஊர்ல போய் மெடிக்கல் மெடிக்கலா அலையாதே. லீவுல மருந்து வேணுமா வேண்டாமான்னும் முன்னாடியே கேட்டுக்கோ. சில மருந்தை லீவுல நிறுத்தச் சொல்வாங்க. சிலதை நிறுத்தவே கூடாது. குளோனிடின்னு இன்னொரு மருந்து கொடுத்தாங்கன்னா, அதைத் திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் எகிறும், ஜாக்கிரதை.

11. இதெல்லாம் பண்ணவே பண்ணாதே

• மெதுவா கரையற மாத்திரையைப் பொடி பண்ணி வாழைப்பழத்துல வைக்கறது. முழு நாள் மருந்தும் ஒரேயடியா உடம்புல ஏறும். முழுங்க வராதுன்னா சொல்லு, வேற வகை தருவாங்க.

• அமெரிக்கா அத்தை அனுப்பற மாத்திரை, பக்கத்து வீட்டுப் பையனோட மிச்ச மாத்திரை இதையெல்லாம் கொடுக்கறது.

• ஒரு நாள் மறந்துட்டோம்னு மறுநாள் ரெண்டு கொடுக்கறது.

• பரீட்சைக்கு மட்டும் கொடுக்கறது, இல்லை அளவை நீயே கூட்டறது.

• "சத்து மாத்திரை"ன்னு பிள்ளைகிட்ட பொய் சொல்றது. எட்டு வயசுக்குப் புரியும்: "உனக்கு மூளை நல்லா இருக்கு, பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது. இது பிரேக்குக்கு."

• சண்டை வந்தா "இன்னிக்கு மாத்திரை போட்டியா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்கறது. இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருது. அவன் கோபத்துக்கும் நியாயம் இருக்கும், முதல்ல அதைக் கேளு.

• அடிக்கறது. நானும் அடிச்சேன், நோட்டுல எழுதியிருக்கு. அடிச்ச எந்த நாள்லயும் கணக்கு சீக்கிரம் முடிஞ்சதா எழுதலை.

• அடோமாக்ஸெட்டின் ஆரம்பிச்ச முதல் மாசங்கள்ல பிள்ளை "நான் செத்துப் போறேன்" மாதிரி பேசினா, சும்மா சொல்றான்னு விடறது. அன்னிக்கே டாக்டர்கிட்ட போ.

12. மாத்திரை இப்ப வேண்டாம்னு முடிவு பண்ணினா?

அதுவும் முடிவுதான். லேசான அளவுன்னா டாக்டரே "பயிற்சி பார்த்துட்டு வாங்க"ன்னு சொல்லலாம். ஆனா வேண்டாம்னு சொல்லிட்டு ஒண்ணும் செய்யாம இருக்கிறது முடிவு இல்லை. மூணு மாசத்துக்குத் தேதி போடு.

பத்துக்குப் பத்து ரூம்ல தனிப் படிப்பறை கேட்க மாட்டேன், பயப்படாதே. சுவரைப் பார்த்து ஒரு பலகை, மேல ஒரே ஒரு நோட்டு. டிவியும் ஃபோனும் அந்த நேரம் எல்லாருக்கும் ஆஃப். கிச்சன்லேருந்து கத்தாதே, பக்கத்துல போய்த் தோளைத் தொட்டுச் சொல்லு. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை மட்டும் சொல்லு. "பல் தேய்ச்சு, குளிச்சு, பையை எடுத்து வெச்சுட்டு வா"ன்னா அவனுக்குக் கடைசியா சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பத்து நிமிஷம் அலாரம், அஞ்சு கணக்கு, அஞ்சு நிமிஷம் குழாய்லேருந்து தண்ணி தூக்கட்டும், திரும்ப அஞ்சு கணக்கு. செஞ்ச உடனே பாராட்டு. ராத்திரி பாராட்டினா அவனுக்கு எதுக்குன்னே தெரியாது.

மாத்திரை ஆரம்பிச்சாலும் இதையெல்லாம் விடாதே. அந்த 1999 ஆராய்ச்சி சொன்னதும் இதைத்தான்.

13. ஸ்கூல் மிரட்டினா

"மாத்திரை கொடுத்தாத்தான் வெச்சுப்போம்"னு சொல்ல எந்த ஸ்கூலுக்கும் உரிமை இல்லை. மருந்தை முடிவு பண்றது நீயும் டாக்டரும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரைக்கும் பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாது, அடிக்கவோ மனசு நோக வைக்கவோ கூடாது. ஆனா மாட்டுங்காவுலயும் செம்பூர்லயும் மொழிச் சிறுபான்மை ஸ்கூல்கள் இருக்கு. 2014-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி சிறுபான்மை ஸ்கூல்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி உன் ஸ்கூல் எந்த வகைன்னு விசாரிச்சுக்கோ. முதல்ல டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கிட்டுப் போய் மூணே விஷயம் கேளு: முன் பெஞ்சு, நடுவுல ஒரு தரம் எழுந்து நடக்க அனுமதி, ஹோம்வொர்க்கை டைரியில எழுதினானான்னு ஒரு பார்வை. பத்து விஷயம் கேட்டா ஒண்ணும் நடக்காது. மூணு கேட்டா ரெண்டு நடக்கும்.

14. வீட்டுல ஒரே பேச்சு

ஊர்லேருந்து ஆச்சி வந்து, "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்ப சம்பாதிக்கலையா?"ன்னு கேட்பாங்க. சண்டை போடாதே. ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையா வர்றதுதான், ஆச்சி சொல்றதுல உண்மை இருக்கு. "அவருக்கு அப்ப எவ்வளவு கஷ்டமா இருந்ததுன்னு அவரையே கேளுங்க"ன்னு சொல்லு. அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போ. அம்மா மட்டும் போனா, ஏதாவது தப்பாப் போச்சுன்னா பழி அம்மா தலையில மட்டும் விழும். சேர்ந்து கேட்டா சேர்ந்து முடிவு பண்ணலாம்.

முருகனுக்கு வேண்டிக்கோ, தாயத்து கட்டணும்னா கட்டு. டாக்டர் தேதியைத் தள்ளிப் போடாதே.

கோவில் வாசல்ல அழுத அந்தப் பொண்ணு, மறு வாரமே வீட்டுக்காரரோட போய் அந்தச் சீட்டைப் பத்தி டாக்டர்கிட்ட பேசிட்டு வந்தா. டாக்டர் முதல்ல காது டெஸ்ட் எழுதியிருக்காராம், அது முடிஞ்ச பிறகுதான் மாத்திரைப் பேச்சு. நீயும் இன்னிக்கு ராத்திரி ஒரு நோட்டு எடு. முதல் பக்கத்துல அவன் குறையை எழுதாதே. அவனுக்கு எது நல்லா வரும், எதுல அரை மணி நேரம் அசையாம உட்காருவான், எப்ப சிரிப்பான்னு எழுது. டாக்டர் அதையும் கேட்பார்.